விந்தும் வீண் அச்சமும்

தலைப்பைக் கண்டவுடன் சிலர் முகம் சுளிக்கக் கூடும். வேறு சிலர் நமட்டுச் சிரிப்புடன் பக்கத்தைப் புரட்டிவிட்டு, அறையில் எவரும் இல்லாத நேரம் பார்த்து மீண்டும் இங்கே வந்து சேரக் கூடும். இரு சாராருக்கும் என் வணக்கம். சிலப்பதிகாரத்தைப் பற்றியும், சொந்த ஊர்த் திருவிழாவைப் பற்றியும், தேர்வுத் தாளின் கொடுமையைப் பற்றியும் எழுதி வரும் நம் மன்ற மலரில் இப்படியும் ஒரு பொருளா என்று கேட்பவர்களுக்குக் கட்டுரையின் முடிவில் மறுமொழி சொல்கிறேன். அதுவரை பொறுத்தருள வேண்டுகிறேன்.

2025 நவம்பர்த் திங்களில் நம் பெங்களூரில், ஞானபாரதிக் காவல் நிலையத்தில் ஒரு புகார் பதிவாயிற்று. ஞானபாரதி! பெங்களூர்ப் பல்கலைக் கழக வளாகத்தின் பெயர் அது. அறிவின் பெயரைத் தாங்கிய அந்த வட்டாரத்தில், மென்பொருள் பொறியாளர் ஒருவர், சாலையோரக் கூடாரத்தில் மருந்து விற்றவர்களிடம் ஏறத்தாழ 48 இலட்சம் ரூபாய் இழந்ததாகப் புகார் கொடுத்தார். ஆண்மைக் குறைவுக்கு மருந்து. ஒரு கிராமின் விலை 1,60,000 ரூபாயாம். பணத்தை ரொக்கமாகவே தரவேண்டும். வாங்க வரும்போது துணைக்கு எவரையும் அழைத்து வரக் கூடாது என்று கட்டளையாம். வங்கியில் கடன் வாங்கியும் கொடுத்திருக்கிறார். நோய் தீரவில்லை. இரத்தச் சோதனை செய்தபோது சிறுநீரகம் கெட்டிருப்பதாகத் தெரிய வந்ததாம். செய்தித்தாள்கள் இவ்வாறு எழுதின.

படித்தவர், கணிப்பொறியை ஆட்டிவைப்பவர், இப்படியா ஏமாறுவார் என்று நம் விடுதி உணவுக் கூடத்தில் அன்று சிரிப்பலை எழுந்தது. நான் சிரிக்கவில்லை. ஏன்? நானும் அந்தக் கூடாரத்தின் வாயிலில் நின்றவன். என்னிடம் 48 இலட்சம் இல்லை. அது ஒன்றுதான் வேற்றுமை.

சொல்லிவிடுகிறேன். வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன்.

நான் கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து இயற்பியல் படிக்க இங்கே வந்தவன். முதுகலை முதலாண்டில் ஒரு நாள் விடியற்காலை. உறக்கத்தில் விந்து வெளிப்பட்டிருந்தது, அது புதிதன்று. ஆனால் ஆடையில் கண்ட கறையின் நிறம் புதிது. வெண்மை இல்லை, துருப்பிடித்த இரும்பின் நிறம். அடுத்த முறையும் அப்படியே. நட்சத்திரம் எப்படிப் பிறக்கிறது, எப்படிச் சாகிறது என்று கரும்பலகை நிறைய எழுதத் தெரிந்த எனக்கு, என் உடம்பிலிருந்து வருவது என்ன, அது ஏன் நிறம் மாறியது என்று தெரியவில்லை. எவரைக் கேட்பது? தந்தையையா? ஆசிரியரையா? இருபத்திரண்டு ஆண்டுகளில் இதைப் பற்றி ஒரு பெரியவர் என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. பேசியவை எல்லாம் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர்கள்தாம். "வாலிப வயோதிக அன்பர்களே" என்று இரவு நேரத் தொலைக்காட்சி விளித்ததே, அந்த அழைப்பு ஒன்றுதான் எனக்குக் கிடைத்த பாடம்.

அந்தப் பாடத்தின்படியே நடந்தேன். மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தருகே ஒரு லாட்ஜில், மாதத்தில் இரண்டு நாள் வந்து தங்கும் வைத்தியர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். தமிழில் பேசினார். அதுவே பாதி நோயைத் தீர்த்தது போல் இருந்தது.

"தம்பி, சின்ன வயசுல கைப்பழக்கம் உண்டா?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"அதான். தாது எல்லாம் தீர்ந்து போச்சு, இப்ப ரத்தமே வருது. இன்னும் ஆறு மாசம் விட்டா ஒண்ணும் மிஞ்சாது. கல்யாணத்தைப் பண்ணி ஒரு பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்துடாதே" என்றார்.

நாடி பார்த்ததாக ஒரு பாவனை. காய்ச்சல் உண்டா என்று கேட்கவில்லை, சிறுநீரைச் சோதிக்கவில்லை, இரத்த அழுத்தம் பார்க்கவில்லை. ஒரு புட்டியில் லேகியம், பெயர் ஒட்டாத பொட்டலங்களில் பொடி, நாற்பது நாள் பத்தியம். 9,500 ரூபாய். விடுதிக்குக் கட்ட வைத்திருந்த பணம் அது.

இன்று எண்ணிப் பார்க்கிறேன். அவர் கேட்ட கேள்வியின் திறமைதான் என்னே! இல்லை என்று சொல்லக் கூடிய வாலிபன் எத்தனை பேர்? எவன் வந்தாலும் ஆம் என்றுதான் சொல்லப் போகிறான். ஆம் என்றவுடன் அவன் குற்றவாளி ஆகிறான். குற்றவாளி விலை பேசுவதில்லை. நோயைக் கண்டறிய எழுந்த கேள்வி அன்று அது. வாயை அடைக்க எழுந்த கேள்வி.

அதற்குப் பின் வந்த மூன்று வாரங்களை விரித்துரைக்க விரும்பவில்லை. அம்மா தொலைபேசியில் அழைத்தால் இரண்டு சொல்லில் முடித்துக்கொள்வேன். வகுப்பில் அமர்ந்திருப்பேன், ஒன்றும் காதில் விழாது. ஓர் இரவு விடுதியின் மொட்டை மாடியில் நின்று எண்ணக் கூடாததையெல்லாம் எண்ணினேன். அவ்வளவு போதும்.

என் அறைத் தோழர் திருநெல்வேலிக்காரர், ஆராய்ச்சி மாணவர், எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. பெட்டியில் இருந்த பொட்டலத்தை அவர் பார்த்துவிட்டார். "என்னலே இது? எவன் குடுத்தான்?" என்று கேட்டார். பொய் சொல்லிப் பார்த்தேன், பிறகு அழுதுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலை ஆய்வுக் கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ஓர் அரசு மருத்துவமனையின் சிறுநீரகவியல் பிரிவுக்கு என்னை அழைத்துச் சென்றார். வரிசையில் மூன்று மணி நேரம் என்னோடு நின்றார்.

அங்கிருந்த மருத்துவர் கோலார் தங்கவயலில் பிறந்தவராம், தமிழ் பேசினார். "காய்ச்சல் வந்ததா தம்பி? சிறுநீர் போகும்போது எரிச்சல் உண்டா? அடி ஏதும் பட்டதா? இரத்தம் கக்கும் இருமல் வீட்டில் எவருக்கேனும் உண்டா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எரிச்சல் இருந்தது, நான் அதைப் பொருட்படுத்தவே இல்லை. சிறுநீர்ச் சோதனை, இரத்த அழுத்தம், உடற்பரிசோதனை, ஒரு ஸ்கேன். முடிவு: புராஸ்டேட் சுரப்பியில் கிருமித் தொற்று. மாத்திரை கொடுத்தார். "இந்த வயதில் விந்தில் இரத்தம் கண்டால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். கைப்பழக்கத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பொட்டலத்தைக் குப்பையில் போடு" என்றார். சில வாரங்களில் நிறம் பழையபடி ஆயிற்று. என் பழைய நோயும் அன்றே போயிற்று. அந்த நோயின் பெயர் அச்சம்.

நண்பர்களே! என் கதை இங்கே முடிகிறது. இனி அன்று நான் அறிந்திருக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

விந்து என்பது இரத்தத்தைக் காய்ச்சி வடித்த சாறு அன்று. விந்து நீரில் மூன்றில் இரண்டு பங்கு விந்துப் பைகளில் சுரப்பது. ஏறத்தாழ கால் பங்கு புராஸ்டேட் சுரப்பியின் நீர். விரைகளில் பிறந்த உயிரணுக்களோ நூற்றில் ஐந்து பங்குக்கு மேல் இல்லை. நீர், பழச் சர்க்கரை, சிட்ரிக் அமிலம், துத்தநாகம், சிறிது புரதம் ஆகியவையே அதன் சரக்கு. ஒரு முறை வெளிப்படுவது ஒரு தேக்கரண்டியை நிரப்பாது. எச்சிலைப் போல, கண்ணீரைப் போல, உடல் ஓயாமல் ஊறவைக்கும் நீர் அது. ஓர் உயிரணு உருவாகி முதிர இரண்டரை மாதம் அளவில் ஆகும்; ஆனால் நெஞ்சு ஒரு முறை துடிக்கும் நேரத்தில் ஏறத்தாழ ஆயிரம் உயிரணுக்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. இந்தக் கிணறு இறைத்தால் வற்றாது. இறைக்காவிட்டால் தானே வழியும். உறக்கத்தில் வெளிப்படுவது அந்த வழிதலே அன்றி நோய் அன்று.

நிறத்தைப் பற்றிச் சொல்கிறேன். சாம்பல் கலந்த வெண்மையே இயல்பு. பல நாள் வெளிப்படாமல் இருந்தால் சற்று மஞ்சளாகலாம். சில வைட்டமின் மாத்திரைகளும் மஞ்சளாக்கும். மஞ்சள் காமாலையிலும் அப்படி ஆகும். மஞ்சளும் பச்சையும் கலந்து, துர்நாற்றமோ எரிச்சலோ சீழோ சேர்ந்து வந்தால் அது தொற்று. மருத்துவரை நாட வேண்டும். சிவப்போ பழுப்போ இரத்தத்தின் அடையாளம்; பழுப்பு பழைய இரத்தம். நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இது பெரும்பாலும் தீங்கற்றது. ஆயினும் மீண்டும் மீண்டும் வந்தாலும், காய்ச்சலோ வலியோ கூடினாலும், சிறுநீரிலும் இரத்தம் கண்டாலும் காலம் தாழ்த்தக் கூடாது. நம் நாட்டில் காசநோயும் இதற்கு ஒரு காரணம் ஆகலாம். நாற்பதைக் கடந்த நம் தந்தையர்க்கு வந்தால் கட்டாயம் ஆராய வேண்டும். இதை அவர்களிடம் சொல்லும் துணிவு நமக்கு வேண்டும்.

"நீர்த்துப் போய்விட்டது" என்று அஞ்சுவோர் பலர். விந்து வெளிப்பட்டவுடன் கட்டியாக உறையும். அரை மணி அளவில் தானே இளகி நீராகும். புராஸ்டேட் சுரப்பி தரும் ஒரு நொதி அந்த வேலையைச் செய்கிறது. கட்டியாகக் கண்டவன் ஒரு விதமாக அஞ்சுகிறான். நீராகக் கண்டவன் வேறு விதமாக அஞ்சுகிறான். இருவரும் ஒரே பொருளை வெவ்வேறு நேரத்தில் பார்த்தவர்கள்! கெட்டியாக இருந்தால் வீரியம், நீராக இருந்தால் வீரியம் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. உயிரணுவின் எண்ணிக்கையும் ஓட்டமும் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும். 1677-இல் ஆலந்து நாட்டு லேவன்ஹூக் தம் கண்ணாடி வில்லையின் கீழ் வைத்துப் பார்க்கும் வரை, அதில் உயிரணு உண்டு என்பதே மனித குலத்துக்குத் தெரியாது.

அப்படியானால் இந்த அச்சம் எங்கிருந்து வந்தது? சித்த மருத்துவம் உடற்கட்டுகளை ஏழு என்று வகுத்தது: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, இறுதியில் சுக்கிலம். உணவு படிப்படியாக வடிந்து கடைசியில் சுக்கிலம் ஆகிறது என்பது அந்தக் காலத்து அறிவு. நுண்ணோக்கி இல்லாத நாளில் அது அரியதொரு கற்பனை. அதனின்றும் நாற்பது துளி இரத்தம் ஒரு துளி விந்து என்ற கணக்கு மக்கள் வாயில் பரவியது. இது நம் நாட்டுக்கே உரிய மடமை என்று எண்ணி எவரும் தலை குனிய வேண்டா. சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் திஸ்ஸோ 1760-இல் ஒரு நூல் எழுதினார். ஓர் அவுன்ஸ் விந்தின் இழப்பு நாற்பது அவுன்ஸ் இரத்த இழப்பினும் கொடிது என்று அவரும் சொன்னார். நூற்றாண்டுக்கு மேலாக ஐரோப்பா முழுவதும் அதை நம்பி நடுங்கியது. பிறகு அறிவு வளர்ந்தது. அவர்கள் அந்த நம்பிக்கையை விட்டார்கள். நாம் விட மறுக்கிறோம்.

1957-இல் கார்ஸ்டேர்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இராசத்தானத்து மக்களிடையே தாம் கண்ட இந்த அச்சத்தை நூலாக எழுதினார். 1960-இல் நம் நாட்டு மனநல மருத்துவர் நரேந்திர நாத் விக் இதற்கு "தாது நோய்க்குறி" என்று பெயரிட்டார். களைப்பு, தூக்கமின்மை, உடல் வலி, சோர்வு இவற்றோடு வரும் வாலிபன், சிறுநீரோடு தாது போவதால்தான் இத்தனையும் என்று உறுதியாகச் சொல்வான். சோதித்தால் சிறுநீரில் பெரும்பாலும் ஒன்றும் இராது. உப்புப் படிந்து கலங்கியிருக்கலாம், அவ்வளவே. உள்ளே இருப்பது மனக் கலக்கமும் மனச் சோர்வும். அவனுக்கு வேண்டியது லேகியம் அன்று, விளக்கம். வேண்டுமானால் மனநல மருத்துவம். அதற்கு நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை. ஓசூர்ச் சாலையில் நிம்ஹான்ஸ் இருக்கிறது.

பழைய மருத்துவத்தைப் பழிக்க நான் இதை எழுதவில்லை. ஐந்தரை ஆண்டுகள் படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அவர்களையும் லாட்ஜ் அறையில் பொடி விற்பவரையும் ஒன்றாகக் கருதுவது, புலவரையும் பொய்க் கையெழுத்துக்காரரையும் ஒன்றாகக் கருதுவது போலாகும். ஆனால் பெயரில்லாப் பொடி ஆபத்தானது. 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது, 14 பொருள்களில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் உயிரணுவையே கெடுக்கும் நஞ்சு. ஆண்மையைக் காக்க வாங்கும் பொடியே ஆண்மைக்குப் பகையாகக் கூடும்!

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவச் சட்டம், பாலின்ப ஆற்றலைப் பேணவும் பெருக்கவும் மருந்து உண்டு என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அடுத்த குற்றத்துக்கு ஓராண்டு வரை. இது பேச்சுரிமைக்கு மாறானது என்று சில மருந்து வணிகர்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். 1959-இல் ஹம்தர்த் தவாகானா வழக்கில் நீதிமன்றம் சட்டத்தின் சில சொற்களை நீக்கியது. ஆனால் இத்தகைய விளம்பரத்துக்குப் பேச்சுரிமையின் காப்பு இல்லை என்றே தீர்ப்பளித்தது. சட்டம் பிறந்து எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. சுவரொட்டிகள் இன்னும் ஒட்டியபடியே இருக்கின்றன. ஏன்? ஏமாந்தவன் வாய் திறப்பதில்லை. ஞானபாரதியில் புகார் கொடுத்தாரே, அந்தப் பொறியாளரை நாம் ஏளனம் செய்தோம். உண்மையில் அவர் பாராட்டுக்கு உரியவர். நான் என் 9,500 ரூபாய்க்குப் புகார் கொடுக்கவில்லை; அவர் கொடுத்தார்.

வேண்டாத அச்சத்தை விடுவோம். வேண்டிய அச்சம் சில உண்டு. திடீரென்று ஒரு விரையில் தாங்க முடியாத வலி வந்தால், அது விரை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை மருத்துவம் செய்தால் காக்கலாம். விடியட்டும் என்று காத்திருந்தால் இழக்கலாம். வலியில்லாத கட்டி விரையில் தென்பட்டால், நம் வயதினர்க்கு வரும் புற்றுநோய் அது ஆகலாம். தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் முற்றும் குணமாகும். உடற்பயிற்சிக் கூடத்தில் தசை பெருக்க ஏற்றும் ஆண் இயக்குநீர் ஊசி, உயிரணு உற்பத்தியையே நிறுத்திவிடும். மீசை முறுக்க வாங்கும் ஊசி வித்தையே வேரறுக்கிறது! புகையிலை, கடுங்காய்ச்சல், இளமையில் வரும் பொன்னுக்கு வீங்கி, விரையில் புடைத்த இரத்தக் குழாய் இவையும் கெடுக்கும். விரைகள் உடலைவிட இரண்டு மூன்று பாகை குளிர்ந்திருக்க வேண்டியவை. மடியில் மடிக்கணினியை வைத்து ஒரு மணி நேரம் அமர்ந்தால் அங்கே வெப்பம் இரண்டரை பாகைக்கு மேல் ஏறுகிறது என்று 2005-இல் கண்டார்கள். மடிக்கணினியின் தலைநகரில் வாழும் நாம் மேசையைப் பயன்படுத்தினால் என்ன?

இன்னொன்று. 1977-இல் கலிபோர்னியாவின் லாத்ரப் என்ற ஊரில் பூச்சிக்கொல்லி செய்யும் ஆலைத் தொழிலாளர்கள், நம்மில் எவருக்கும் சில காலமாகக் குழந்தை பிறக்கவில்லையே என்று தமக்குள் பேசிக்கொண்டார்கள். பேசியதால் சோதனை நடந்தது. டி.பி.சி.பி. என்ற நஞ்சு அவர்களின் உயிரணுக்களை அழித்திருந்தது வெளியாயிற்று. நமக்கு அண்மையில் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மேல் எண்டோசல்பான் பல்லாண்டுகள் வானிலிருந்து தெளிக்கப்பட்டது. அங்குள்ள சிறுவர்களின் பருவ வளர்ச்சி தாமதப்பட்டிருந்ததை 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. இவற்றுக்கெல்லாம் கைப்பழக்கமா காரணம்? நாம் நம் கையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும் வரை, உண்மைக் குற்றவாளிகள் கவலையின்றி உறங்குவார்கள்.

இந்த மௌனத்தின் விலையைப் பெரும்பாலும் கொடுப்பவர் நாமல்லர். மகப்பேறு இல்லாத இணையர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் குறை உண்டு. உலக நலவாழ்வு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் இந்த இன்னலைச் சந்திக்கிறார். ஆயினும் நம் ஊரில் கோயில் சுற்றுபவள் யார்? மருத்துவமனையில் ஊசி குத்திக்கொள்பவள் யார்? "மலடி" என்ற சொல் தெருத்தெருவாக ஒலிக்கிறது. "மலடன்" என்ற சொல்லை எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்? ஆணுக்கு வேண்டிய முதல் சோதனை மிக எளியது. விந்தைச் சோதனைச் சாலையில் கொடுக்க வேண்டும். ஒரு மில்லி லிட்டரில் 16 மில்லியன் உயிரணு என்பது 2021-இல் அந்த நிறுவனம் குறித்த கீழ் எல்லை. அதற்குக் கீழே இருந்தாலும் தந்தையாக வாய்ப்பு இல்லாமல் போவதில்லை. மருத்துவ வழிகள் பல உள. ஒரு புட்டியை நிரப்ப வெட்கப்பட்டு, ஒரு பெண்ணை ஆண்டுக் கணக்கில் அழவைப்பவன், ஆண்மை என்ற சொல்லை வாயால் சொல்லத் தகுதி உடையவனா?

ஒரு தடை எழக் கூடும். "தன்னடக்கம் நம் பண்பாடு, இப்படி எழுதினால் இளைஞர் கெட்டுப் போவார்கள்" என்று பெரியவர்கள் சொல்லலாம். தன்னடக்கத்தை நான் மறுக்கவில்லை. அடக்கம் அறம் என்று தெளிந்து அடங்குபவனை வணங்குகிறேன். ஆனால் இரத்தம் வற்றிவிடும் என்று அஞ்சி அடங்குபவன் அறவோன் அல்லன், அச்சமுற்றவன். பொய்யைக் காவல் வைத்து அறத்தை வளர்க்க முடியாது. காவல் ஒரு நாள் பிடிபடும். அன்று அறமும் சேர்ந்து ஓடிவிடும்.

தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். தமிழ் மன்றத்து ஏட்டில் இது ஏன்? என்னை ஏமாற்றியவர் தமிழில் பேசினார். என்னைக் குணப்படுத்தியவரும் தமிழில்தான் பேசினார். இடையில் இருந்த மூன்று வாரங்களில் எனக்குத் தமிழில் உண்மை சொல்ல எவரும் இல்லை. கன்னடம் அன்று எனக்குத் தெரியாது. வகுப்பறை ஆங்கிலத்தில் உடம்பின் வேதனையைச் சொல்ல நா எழவில்லை. அச்சத்துக்குத் தமிழில் ஆயிரம் சுவரொட்டி. அறிவுக்கு ஒரு பக்கம் கூடாதா? காவியம் பேசும் மொழி கறையைப் பற்றிப் பேசினால் தாழ்ந்து போகாது. இந்த மண்ணுக்கும் அந்தத் துணிவு புதிதன்று. 1930-இலேயே மைசூர் அரசு, உலகில் வேறெந்த அரசும் செய்யாத முன்னோடிச் செயலாய், கருத்தடை நிலையங்களைத் திறந்தது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் ஓர் அரசர் நாட்டில் வெட்கப்படாமல் பேசியதை, இன்று ஒரு பல்கலைக் கழக விடுதியில் பேச நாம் நடுங்குகிறோம்.

மன்றத்துக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று: ஆண்டு தோறும் புதிய மாணவர் வரவேற்பு விழாவில், பட்டிமன்றத்துக்கு முன் ஒரு மணி நேரம் தமிழ் தெரிந்த மருத்துவர் ஒருவரை அழைத்துப் பேசச் செய்யுங்கள், கேள்விகளைப் பெயரின்றித் துண்டுச் சீட்டில் எழுதிப் போடட்டும். இரண்டு: விடுதி அறிவிப்புப் பலகையில் 14416 என்ற எண்ணை எழுதி வையுங்கள். டெலி மானஸ் என்ற அந்த அரசு மனநலச் சேவை 2022-இல் தொடங்கியது, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். மொட்டை மாடிக்குப் போகும் முன் ஒருவன் அந்த எண்ணை அழைத்தால் அதுவே நம் மன்றத்தின் பெரும்பணி. மூன்று: மூத்த மாணவர்களே, உங்கள் அறையில் ஒரு தம்பி திடீரென்று பேச்சைக் குறைத்தால், பணத்தைக் கேட்டு அலைந்தால், பெட்டியில் பொட்டலம் ஒளித்தால், கேலி செய்யாதீர்கள். "என்னலே இது?" என்று கேளுங்கள். சொன்னபின் சிரிக்காதீர்கள். மறுநாள் அவனோடு வரிசையில் நில்லுங்கள்.

"துணைக்கு எவரையும் அழைத்து வராதே" என்றான் கூடாரக்காரன். அவன் மருந்தில் இருந்த ஒரே சரக்கு அந்தக் கட்டளைதான். ஆகவே நண்பனே, உன் உடம்பைப் பற்றி உனக்கு ஓர் ஐயம் எழுந்தால் நான் சொல்வது இது ஒன்றே: தனியாகப் போகாதே, துணைக்கு ஒருவரை அழைத்துப் போ. எவரும் கிடைக்கவில்லையானால், மூன்றாம் மாடியில் என் அறை இருக்கிறது. கதவைத் தட்டு. அண்ணாச்சி பட்டம் பெற்று ஊருக்குப் போய்விட்டார். அவருடைய வேலையை இப்போது நான் பார்க்கிறேன்.